ஏரிக்கரைக்கு ஒரு வகுப்பு: ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு

அரசு நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியராகவோ, வாரம் ஒரு நாள் போய் உதவுகிற தன்னார்வலராகவோ இருந்து, இந்தப் பிள்ளைகளை நாலு சுவருக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல பள்ளிகளில் வெளியே போவது என்றால் வருடத்துக்கு ஒரு சுற்றுலாதான். பஸ் பேசி, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, விடியற்காலையில் கிளம்பி நடுராத்திரி திரும்புவது. பணம் கட்ட முடியாத பையன், வயதுக்கு வந்துவிட்ட பெண், கால் சரியில்லாத பிள்ளை எல்லாம் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள். யாரும் அவர்களை வராதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஏற்பாடே அவர்களைக் கழித்துவிட்டிருக்கும்.

அதனால் முதலில் பஸ்ஸை மறந்துவிடுங்கள். பள்ளியிலிருந்து பதினைந்து நிமிட நடையில், காசு கொடுக்காமல் நுழைய முடிகிற, மாதம் ஒரு தடவையாவது திரும்பத் திரும்பப் போக முடிகிற இடம் ஒன்று வேண்டும். தமிழ்நாட்டில் நிறைய ஊர்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. வடக்கே ஏரி என்பார்கள், மதுரை சிவகங்கைப் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம். நகரத்துப் பள்ளி என்றால் மாநகராட்சிப் பூங்கா போதும், அதுவும் இல்லையென்றால் பள்ளி வளாகத்தில் நிற்கிற ஒரு வேப்பமரமும் புங்கமரமும் போதும். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குச் சிங்காநல்லூர் குளம், மதுரையில் வண்டியூர் கண்மாய் என்று ஊருக்குள்ளேயே நீர்நிலை கிடைக்கும். நான் இங்கே கிராமத்து ஏரியை வைத்துச் சொல்கிறேன், உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போகிற அதே நேரத்துக்கு ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள். வழியில் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமா, நாய்க்கூட்டம் எங்கே படுத்திருக்கிறது, டாஸ்மாக் கடை வழியில் வருகிறதா, கரையில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, முப்பது பேர் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தேன்கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள், ஒரு பையன் கல்லெறிந்தால் போதும்.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன? வண்டல் என்றும் சவுடு என்றும் அள்ளிப் போன இடங்கள் கோடையில் சாதாரணக் குழியாகத் தெரியும், ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் சமமாக நிற்கும்போது எது முழங்கால் ஆழம், எது ஆளை முழுங்கும் ஆழம் என்று கரையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் மீன் குத்தகை எடுத்தவருக்கும் அது அத்துப்படி. அவர்களிடம் பேசுங்கள். குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எப்படியும் நல்லது, இல்லையென்றால் "யார்றா அது, மீனைக் கலைக்கிறது?" என்று அவர் கத்துகிற நேரத்தில் உங்கள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

அனுமதி

தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தகவல் போக வேண்டுமா என்பதை அவரே சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அந்தக் குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெற்றோர்கள், கூட வருவதற்கு ஆளும் அங்கேயே கிடைத்துவிடும். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் கற்பது பற்றி இருக்கிறதே என்று சிலர் அதைக் காட்டி அனுமதி கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, எனவே அதை இழுத்து வீண் விவாதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுற்றுச்சூழல் மன்றம், தேசிய பசுமைப்படை என்று பள்ளியில் ஏற்கெனவே பெயரளவுக்காவது இருக்கும், அந்தப் பெயரில் கேட்டால் எளிது.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் யார் கூட வருகிறார்கள், எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்ற நாலு விஷயம் இருந்தால் போதும். கீழே ஒரு வரி: பிள்ளைக்கு வீசிங், வலிப்பு, தேனீ கொட்டினால் உடம்பு வீங்குவது மாதிரி ஏதாவது உண்டா? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் வாசலில் நின்று பேசிவிட்டு வாருங்கள்.

நேரத்தைப் பள்ளி வேளைக்குள்ளேயே வையுங்கள். விடியற்காலை ஆறு மணிதான் பறவை பார்க்க நல்ல நேரம் என்று பறவை ஆர்வலர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிக்கிற பிள்ளைகளும் தம்பி தங்கையைக் கிளப்புகிற பிள்ளைகளும் வர முடியாது. முதல் இரண்டு பீரியடை எடுத்துக்கொண்டால் மதிய உணவுக்கு முன்னால் தாராளமாகத் திரும்பிவிடலாம். கார்த்திகை முதல் மாசி வரை அந்த நேரத்து வெயில் தாங்கும், அப்போதுதான் ஏரியில் தண்ணீரும் வலசைப் பறவைகளும் இருக்கும். பங்குனி, சித்திரையில் போகாதீர்கள்.

யார் வராமல் போவார்கள் என்று எழுதுங்கள்

வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்து, இந்தப் பிள்ளை எதனால் வராமல் போகலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் இதுதான் முக்கியமான வேலை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை போன வருடம் பள்ளியில் சாப்பிட்டதை இந்த வருடம் தம்பி சாப்பிடப் பார்த்துக்கொண்டிருக்கும். வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தால் ஒன்றிரண்டு பேருக்குத் தலை சுற்றும். கிளம்புவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு கை சுண்டலோ, இரண்டு கடலை மிட்டாயோ கொடுத்துவிடுங்கள். "யார் யார் சாப்பிடலை?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லாதீர்கள், எல்லாருக்கும் கொடுங்கள்.

செருப்பு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பள்ளியில் கொடுத்த செருப்பு அளவு பத்தாமல் போயிருக்கும், அல்லது அண்ணன் போட்டுக்கொண்டு போயிருப்பான். பழைய ஷூ நாலைந்து ஜோடி சேர்த்துப் பள்ளி அலமாரியில் வைத்திருங்கள், போகிற அன்று யார் கேட்டாலும் கேள்வியில்லாமல் கொடுங்கள்.

பெண்பிள்ளைகள். ஏழாம் வகுப்பிலிருந்தே வீட்டில் தயக்கம் தொடங்கிவிடும், காட்டுப்பக்கம், ஏரிப்பக்கம் என்றால் இன்னும் அதிகம். கூட ஒரு ஆசிரியையோ, அவர்கள் தெருவைச் சேர்ந்த ஒரு அம்மாவோ வருகிறார் என்று தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே இரண்டு அம்மாக்களைக் கூட அழையுங்கள். காவலுக்கு நிற்கிறவர்களாக மட்டும் அவர்களை வைக்காதீர்கள், கரையில் முளைத்திருக்கிற கீரைகளில் எது சமைக்கிற கீரை, எது ஆடு மட்டும் தின்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு உங்களுக்குத் தெரியாது. கழிப்பறை விஷயத்தையும் முன்பே யோசியுங்கள். கிளம்பும் முன் எல்லாரும் போய்விட்டு வரட்டும், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் சொல்லி வையுங்கள், ஆசிரியை பையில் நாப்கின் இருக்கட்டும். இது சரியாக இல்லாததால்தான் பல பெண்கள் "வயித்து வலி மிஸ்" என்று நின்றுவிடுகிறார்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகள். கால் ஊன்றி நடக்க முடியாத பிள்ளை இருந்தால் கரையில் ஏறுகிற ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டு, டிராக்டர் ஏறுகிற சரிவைத் தேடுங்கள், அதில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடியும். அதுவும் முடியாது என்றால் மொத்த வகுப்பையும் கரைக்குக் கீழே மதகுப் பக்கம் வையுங்கள். ஒருவனைக் கீழே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய் வந்து கதை சொல்வது கூடாது. காது கேளாத பிள்ளை இருந்தால் விசிலுக்குப் பதில் ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டுங்கள், அப்புறம் வெயிலுக்கு முகம் காட்டி நில்லுங்கள், உங்கள் வாயசைவு அவர்களுக்குத் தெரிய வேண்டும். கண் தெரியாத பிள்ளைக்கு ஏரிக்கரையில் வேலை நிறையவே உண்டு, சத்தங்களின் பட்டியலை அவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவன் எழுத வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் பள்ளிக்கு வருகிற நாளாகப் பார்த்துத் தேதி வைத்தால் அவரும் கூட வருவார்.

சாதி. இதைப் பற்றி எந்த வழிகாட்டியிலும் எழுத மாட்டார்கள். சில ஊர்களில் ஏரியின் இந்தப் பக்கம் ஊர்க்காரர்களுக்கு, அந்தப் பக்கம் காலனிக்கு என்று சொல்லாமலே ஒரு கோடு இருக்கும், பிள்ளைகளுக்கு அது உங்களை விட நன்றாகத் தெரியும். குழு பிரிக்கும்போது விருப்பத்துக்கு விட்டால் தெரு வாரியாகப் பிரிந்துகொள்வார்கள், அதனால் நீங்களே சீட்டுப் போட்டுப் பிரியுங்கள். தண்ணீர் கேனை யார் தூக்குவது, சுண்டல் பாத்திரத்தை யார் கழுவுவது என்பதும் ஒவ்வொரு தடவையும் முறை மாறி வர வேண்டும், ஒரே பிள்ளைகள் மேல் விழுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஆபத்துகள்

யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவனும் கூடாது, எட்டாம் வகுப்புப் பையன் "சார், நான் தினமும் குதிக்கிற இடம்தான்" என்பான், அவனும் கூடாது. தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கயிற்றைப் போட்டு, அதைத் தாண்டினால் எல்லாரும் பள்ளிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு, ஏரி நிரம்பியிருந்தால் இன்னும் ஒருவர் கூடுதலாக. கிளம்பும்போது, கரையில் சேர்ந்தபோது, திரும்பும்போது, பள்ளி கேட்டில் என்று நாலு தடவை தலை எண்ணுங்கள். இடி சத்தம் கேட்டால் உடனே கிளம்புங்கள், தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

பாம்பைப் பார்த்தால் நின்று வழிவிட்டால் போதும், அது போய்விடும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, கொலுசு வளையல் கயிறு இருந்தால் கழற்றிவிட்டு, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் கடித்தது எது என்று தேடிப்போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பையில்

தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி, கயிறு, சிவப்புத் துணி, ஒரு வாளி, வெள்ளை நிறத் தட்டு இரண்டு, டீ வடிகட்டி ஒன்று. பிள்ளைகளிடம் ஒரு நோட்டு, பென்சில். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒன்றே ஒன்று இருந்தால் அதைக் கொண்டு போகாமலே இருப்பது மேல், ஒரு மணி நேரமும் அதற்கான வரிசையிலேயே கழிந்துவிடும்.

முதல் நாள்

கரைக்குப் போனதும் பாடம் எடுக்காதீர்கள். ஐந்து பேர் கொண்ட குழுவாக உட்காரவைத்து மூன்று நிமிடம் யாரும் பேசாமல் கேட்கச் சொல்லுங்கள். முதல் நிமிடம் சிரிப்பார்கள், அடுத்த நிமிடம் யாராவது ஒருவன் ஏப்பம் விடுவான், மூன்றாவது நிமிடத்தில்தான் ஆள்காட்டிக் குருவி கத்துவது காதில் விழும்.

அப்புறம் ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும். மடையான் எல்லா ஏரியிலும் இருக்கும், சில ஊரில் குருட்டுக்கொக்கு என்பார்கள். மண் நிறத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மதகுக் கல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும், அங்கே ஒன்று நிற்கிறது என்று சொன்னாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. பறந்ததும் இறக்கை முழுக்க வெள்ளை! "சார், அது வேற பறவை சார்" என்று சண்டைக்கு வருவார்கள். வேறு பறவைதானா, அதேதானா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், அது மறுபடி எங்கேயாவது இறங்கி இறக்கையை மூடும் வரை காத்திருங்கள். பெயர் தெரியாத பறவைக்கு நாலு கேள்வி சொல்லிக் கொடுங்கள்: குருவி, மைனா, காகம் இந்த மூன்றில் எதன் அளவு, அலகு எப்படி இருக்கிறது, கால் நீளமா குட்டையா, என்ன செய்துகொண்டிருந்தது. பெயரை அப்புறம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன, அவற்றை முதல் சில மாதம் வெளியே எடுக்காதீர்கள், போன் திரையைப் பார்க்க முப்பது தலை முட்டிக்கொள்ளும், மேலே யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து வாளி. பெரியவர் ஒருவர் செடி ஓரமாக ஒரு வாளித் தண்ணீர் மொண்டு கரைக்குக் கொண்டுவரட்டும். வடிகட்டியால் அரித்து வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு விடுங்கள். முதலில் வெறும் பாசியும் குப்பையும்தான் தெரியும், கொஞ்ச நேரம் விட்டால் குப்பையில் பாதி நடக்க ஆரம்பிக்கும். தட்டானின் இளம்பருவம் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். சேற்று நிறத்தில் ஆறு காலோடு அசிங்கமாக இருக்கும், முகத்துக்கு அடியில் ஒரு கையை மடித்து வைத்திருப்பது போல் தாடை, கொசுப்புழு பக்கத்தில் வந்தால் அதை நீட்டிப் பிடிக்கும். பென்சில் நுனியால் தொட்டால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு முன்னால் பாயும். இதைப் பார்த்த ஏழாம் வகுப்பு என்ன பேசிச் சிரிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சிரிக்கட்டும், விசைக்கு எதிர்விசை என்று பின்னால் படிக்கும்போது இது ஞாபகம் வரும். பார்த்து முடித்ததும் தண்ணீரை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடுங்கள்.

ஏரியும் ஒரு பாடம். மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி, உங்கள் ஊரில் நீர்க்கட்டி என்றால் நீர்க்கட்டி, வயதானவராக ஒருவர் இருப்பார். அவரைக் கலிங்கு பக்கம், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடத்துக்கு, வரச்சொல்லிப் பேசவிடுங்கள். பழைய கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். "ஏன் தாத்தா, இது மேல இத்தனை கல்லு நட்டு வெச்சிருக்காங்க?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். பெருமழைக் காலம் முடிந்ததும் அந்தக் கற்களுக்கு நடுவில் மண்ணும் ஓலையும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் தேக்குவார்கள், வெள்ளம் வந்தால் பிரித்துவிடுவார்கள் என்று அவர் சொல்கிற விதத்தில் நம்மால் சொல்ல முடியாது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, வழிகிற தண்ணீரைக் கொண்டுபோகிற மறுகால் போய் எந்த ஏரியில் விழுகிறது என்று மண்ணில் குச்சியால் வரையச் சொல்லுங்கள். அவருக்குக் கடைசியில் ஒரு டீயும் பிள்ளைகள் கையால் ஒரு துண்டும் கொடுக்க மறக்காதீர்கள்.

முதல் நாளுக்கு இதுவே அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள்.

திரும்பி வந்து

அன்றைக்கே கட்டுரை எழுது, அறிக்கை எழுது என்று கேட்டால் அடுத்த தடவை பாதிப் பேர் வர மாட்டார்கள். ஒரு சார்ட்டில் ஏரியின் வரைபடத்தை வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டி, போகும்போதெல்லாம் பார்த்ததைத் தேதியோடு அதில் ஒட்டவிடுங்கள். நத்தைக்குத்தி நாரைக் கூட்டம் வந்தால் பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணுவது எப்படி என்று கணக்கு ஆசிரியர் கற்றுத்தரலாம். போட்டோ எடுத்தால் பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

மாதம் ஒன்று என்று சில தடவை போன பிறகு ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஆங்காங்கே பதினைந்து நிமிடமாவது நின்று பறவைகளை எண்ணி இபேர்டு தளத்தில் பதிவேற்றுவார்கள், உங்கள் பிள்ளைகளும் எண்ணலாம். விடுமுறை நாள் என்பதால் இதற்குப் பெற்றோரோடு வரச் சொல்வதுதான் சரி. பறவை இல்லாத நகரத்துத் தெரு என்றால் பள்ளி மரத்தைக் குறித்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் எவ்வளவு என்று பதிகிற சீசன்வாட்ச் திட்டம் இருக்கிறது, அதற்கு வளாகத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

சரணாலயத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது பஸ் பேசலாம், ஏனென்றால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். வேடந்தாங்கலும் ஓர் ஊர் ஏரிதான், பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்தது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். எது பக்கமோ அங்கே போங்கள், வன அலுவலகத்தில் பள்ளிக் கடிதம் கொடுத்து முன்கூட்டியே நாள் கேளுங்கள். செலவைப் பிள்ளைகளிடம் வசூலிக்காமல் பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று திரட்டுங்கள். பணம் பாதிதான் சேர்ந்தது என்றால் பாதிப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், மீதி சேரும் வரை தள்ளி வையுங்கள், அதுவரை ஏரி இருக்கிறது.